பவளத் தொட்டியில் கால்சியம் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பவளம் வளரவில்லை என்றதும் கை நேராகக் கால்சியம் பாட்டிலுக்குத்தான் போகிறது. ஆனால் பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் கோளாறு கால்சியத்தில் இருப்பதில்லை. உப்பு அளவில் இருக்கும், டெஸ்ட் கிட்டில் இருக்கும், எல்லாவற்றையும் விட அடிக்கடி அல்கலினிட்டியில் (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) இருக்கும். அதனால் முதலில் உங்கள் தொட்டியில் தெரியும் அறிகுறி கீழே எதோடு பொருந்துகிறது என்று பாருங்கள். அதுவரை பாட்டில் மூடியே இருக்கட்டும்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். கல் பவளம் தன் கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. தண்ணீரிலிருந்து 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியத்தை எடுக்கும்போது கூடவே 2.8 டிகேஎச் (அல்கலினிட்டியை அளக்கும் அலகு) அல்கலினிட்டியையும் எடுத்துவிடுகிறது. இந்த விகிதம் கிட்டத்தட்ட மாறாதது. இயற்கைக் கடல்நீரில் கால்சியம் 420 பிபிஎம்மை ஒட்டி இருக்கிறது, அல்கலினிட்டியோ 7 டிகேஎச்தான். அதாவது கால்சியம் நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும் நேரத்தில் அல்கலினிட்டி நூற்றுக்கு நாற்பது பங்கு காலியாகிவிடும். தொட்டியில் முதலில் தீர்ந்துபோவது எது என்பதற்கு இதுவே பதில்.

வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள்: உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு (வெறும் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியான ஒப்படர்த்தி 1.026), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், அல்கலினிட்டி 7.5 முதல் 9 டிகேஎச், மெக்னீசியம் 1250 முதல் 1400 பிபிஎம். இந்த எல்லைக்குள் எந்த எண்ணில் நிற்கிறது என்பது முக்கியமில்லை. அது நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதுதான் முக்கியம்.

டெஸ்டில் கால்சியம் 360 காட்டுகிறது, பவளங்களோ நன்றாகத்தான் இருக்கின்றன

முதல் சந்தேகம் உப்பின் மேல். ஒப்படர்த்தி 1.023க்கு இறங்கியிருந்தால் உப்பு 31 பிபிடிகூட இருக்காது. அந்தத் தண்ணீரில் கால்சியமும் அதே விகிதத்தில் குறைந்து 370க்குள் வந்துவிடும். மெக்னீசியமும் அல்கலினிட்டியும்கூடச் சேர்ந்து இறங்கியிருக்கும். இதற்கு மருந்து கால்சியம் இல்லை, உப்பு. அடுத்த சில நாட்களுக்கு ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்ஓ தண்ணீருக்குப் பதில் உப்புக் கலந்த தண்ணீரை ஊற்றி மெதுவாக ஏற்றுங்கள்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் பார்த்தால் போதாது. 35 பிபிடி அளவுக் கரைசலை ஒரு துளி விட்டு அதில் 35 காட்டுகிறதா என்று பாருங்கள். பூஜ்யத்தில் சரியாக நின்று 35இல் தப்பாகக் காட்டும் கருவிகள் உண்டு. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால், முள்ளில் காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு கூடுதலாகத் தெரியும்.

உப்பு சரி என்றால் அடுத்தது டெஸ்ட் கிட். கால்சியம் கிட்டுகளில் ஒரு துளிக்கு 10 அல்லது 20 பிபிஎம் என்று கணக்கு வரும். கடைசித் துளியில் இளஞ்சிவப்பு மறைந்து சுத்த நீலம் வரும் இடத்தை எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஊதா நிறத்திலேயே நிறுத்திவிட்டால் அளவு குறைவாக வரும். காலாவதித் தேதி பாருங்கள், தூள் பாட்டிலாக இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். நன்னீர் மீன் தொட்டிக்கான கடினத்தன்மை கிட் இங்கே உதவாது, ஏனென்றால் அது மெக்னீசியத்தையும் சேர்த்து எண்ணும். சில கிட்டுகள் கால்சியத்தைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்லும். அப்போது வந்த எண்ணை 2.5ஆல் வகுத்தால்தான் நமக்கு வேண்டிய அளவு கிடைக்கும்.

இரண்டும் சரி, கால்சியம் உண்மையாகவே 360 என்றால் ஏற்றலாம். 100 லிட்டர் தண்ணீரில் 10 பிபிஎம் ஏற்ற கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 3.7 கிராம் வேண்டும். நீரற்ற வகை என்றால் 2.8 கிராம் போதும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் விடுங்கள். கரைக்கும்போது பாத்திரம் கை சுடும் அளவுக்குச் சூடாகும், அதனால் தண்ணீரில் கால்சியம் குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஒரு நாளைக்கு 25 பிபிஎம்முக்கு மேல் ஏற்ற அவசரம் எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும். கூழானதை எடை போட்டுப் போடுவதில் பயனில்லை, எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று தெரியாது.

தொட்டியின் கொள்ளளவையும் சரியாக எடுங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள நான்கடித் தொட்டி கணக்குப்படி 243 லிட்டர். கல்லும் மணலும் போக உள்ளே இருக்கும் தண்ணீர் 200 லிட்டர் தேறினால் அதிகம்.

கால்சியம் 430, ஆனாலும் பவளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது

இதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். அல்கலினிட்டி எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் அளந்திருக்க மாட்டார்கள். அளந்தால் 6, சில சமயம் 5.5. கால்சியம் எவ்வளவு இருந்தாலும் கார்பனேட் இல்லாமல் கூடு கட்ட முடியாது.

செய்ய வேண்டியது இது. மூன்று நான்கு நாட்களுக்கு எதுவும் சேர்க்காமல், தினமும் ஒரே மணிக்கு அல்கலினிட்டியை அளந்து எழுதுங்கள். நேரம் மாறக்கூடாது, ஏனென்றால் விளக்கு எரியும்போது பவளம் வேகமாகக் கூடு கட்டும், இரவில் மந்தமாகும். காலை ஒரு நாள், மாலை ஒரு நாள் என்று அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. திங்கள் 8.6, புதன் 7.8 என்றால் நாளொன்றுக்கு 0.4 டிகேஎச் செலவாகிறது என்று அர்த்தம். இதற்கு இணையான கால்சியம் செலவு நாளைக்கு 3 பிபிஎம்கூட இல்லை. உங்கள் கால்சியம் கிட் அதை இரண்டு மூன்று நாளில் காட்டாது. அல்கலினிட்டி கிட் இரண்டே நாளில் காட்டிவிட்டது. எனவே தினசரி அளக்க அல்கலினிட்டி, வாரம் ஒருமுறை கால்சியம், மாதம் ஒருமுறை மெக்னீசியம் போதும்.

200 லிட்டர் தண்ணீருக்கு இந்த 0.4 டிகேஎச்சை ஈடுகட்ட நாளைக்கு 2.4 கிராம் சமையல் சோடாவும், கூடவே 2.1 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் வேண்டும். இதுதான் டூ பார்ட் முறையின் முழு ரகசியமும். கடையில் விற்கும் இரட்டைப் பாட்டில்களில் இருப்பதும் அடிப்படையில் இவைதான். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, தொட்டியில் ஒரே இடத்திலும் விடக்கூடாது. முதலில் ஒன்று, அரை மணி கழித்து மற்றொன்று.

சோடா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆப்ப சோடா, சமையல் சோடா என்று கேட்டு வாங்கும் சோடியம் பைகார்பனேட் சரி. பேக்கிங் பவுடர் கூடவே கூடாது: அதில் மாவும் அமில உப்புகளும் கலந்திருக்கும், பல வகைகளில் பாஸ்பேட்டும் இருக்கும். துணி துவைக்கும் சலவை சோடாவிலும் என்ன கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் தெரியாது, அதையும் விட்டுவிடுங்கள்.

இறங்கிப்போன அல்கலினிட்டியை ஏற்றும்போது ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சைத் தாண்டாதீர்கள். 5.5இலிருந்து 8க்கு ஒரே இரவில் போவது, 5.5இலேயே ஒரு வாரம் இருப்பதை விடப் பவளத்துக்குக் கெடுதல்.

ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் என்ற மெத்தென்ற பவளங்கள் மட்டுமே உள்ள தொட்டிக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. அவை கல் கூடு கட்டுவதில்லை. வாராந்திரத் தண்ணீர் மாற்றமே போதும். அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற கல் பவளங்கள் வந்தபிறகு, அல்லது ஒரு ட்ரைடாக்னா சிப்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் செலவு ஏறும்.

எவ்வளவு ஊற்றினாலும் கால்சியமும் அல்கலினிட்டியும் ஏறவில்லை, ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது

கையால் தொட்டால் சொரசொரப்பாக, சுரண்டினால் தூளாக வருகிறதா? நீங்கள் ஊற்றியதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் அங்கே கல்லாகிக்கொண்டிருக்கிறது. மெக்னீசியத்தை அளந்து பாருங்கள், 1200க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம்.

கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கரையக்கூடிய அளவுக்கு மேலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் தானாகப் படியாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் மெக்னீசியம். புதிதாகப் பிறக்கும் கால்சியம் கார்பனேட் படிகத்தின் மேற்பரப்பில் மெக்னீசியம் புகுந்து அது மேலும் வளராதபடி கெடுத்துவிடுகிறது. மெக்னீசியம் குறைந்தால் இந்தத் தடை போய்விடும். சூடான இடத்தில், அதாவது ஹீட்டரிலும் பம்பு மோட்டாரிலும், முதலில் படியும்.

100 லிட்டரில் மெக்னீசியத்தை 10 பிபிஎம் ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 8.4 கிராம் ஆகும். 1150இலிருந்து 1300க்குக் கொண்டுவர 200 லிட்டர் தொட்டிக்குக் கால் கிலோ தேவைப்படும். ஒரு வாரத்தில் பிரித்துப் போடுங்கள். அது முடியும்வரை கால்சியத்தைத் துரத்த வேண்டாம். ஹீட்டரையும் பம்பையும் வெளியே எடுத்து, வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். நன்றாகக் கழுவிய பிறகு திருப்பி வையுங்கள்.

மெக்னீசியம் சரியாக இருந்தும் படிகிறதென்றால் அல்கலினிட்டி 12க்கு மேல் போயிருக்கும், அல்லது கரைசலை விடும் டோஸ் குழாய் பம்பின் வாயருகே சொட்டிக்கொண்டிருக்கும். புதிதாகப் போட்ட அராகனைட் (ஒருவகைக் கால்சியம் கார்பனேட்) மணலும் முதல் சில வாரங்கள் இப்படிக் கொஞ்சம் இழுக்கும். அது தானே அடங்கிவிடும்.

தண்ணீர் திடீரென்று பால்போல வெளுத்துவிட்டது

இரண்டு கரைசலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும், அல்லது சுண்ணாம்பு நீர் (கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீர்) அளவு மீறிப் போயிருக்கும். டைமரின் நேரம் மின்வெட்டில் தள்ளிப்போய் இரண்டு டோசிங் பம்புகளும் ஒன்றாக ஓடுவதும், ஆவியான நீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் மிதவை சிக்கிக்கொள்வதும் வழக்கமான காரணங்கள்.

டோசிங்கை உடனே நிறுத்துங்கள். வேறு எதையும் ஊற்றாதீர்கள். வெள்ளைத் தூள் வெறும் கால்சியம் கார்பனேட், அது விஷமில்லை. ஸ்கிம்மரும் (நுரையால் கழிவை நீக்கும் கருவி) வேவ்மேக்கரும் (நீரோட்டம் தரும் பம்பு) ஓடட்டும், ஃபில்டர் பை இருந்தால் மாட்டுங்கள். முதலில் பிஎச்சைப் பாருங்கள். 8.6க்குள் இருந்தால் காத்திருந்தாலே போதும். 8.8ஐத் தாண்டியிருந்தால் சுவையோ உப்போ சேர்க்காத வெறும் சோடா தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சம்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டி) ஊற்றி, ஒவ்வொரு தடவையும் பிஎச்சை அளந்து 8.5 அருகே கொண்டுவரலாம். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான் வேலை செய்வது.

மறுநாள் தண்ணீர் தெளிந்ததும் அல்கலினிட்டியை அளங்கள். 8 இருந்த இடத்தில் 5 நிற்கலாம். கால்சியம் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். முதலில் சொன்ன அதே கணக்கு. ஒரு நாளைக்கு 1 டிகேஎச் வீதம் திரும்ப ஏற்றுங்கள்.

அக்ரோபோராவின் நுனி வெளுத்திருக்கிறது

பயப்படும் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வளரும் நுனி இயல்பாகவே வெளிறித்தான் இருக்கும். அங்கே தசை வழவழப்பாக மூடியிருக்கும், பாலிப் (பவளத்தின் சிறு உயிர்) தெரியும். அது நல்ல செய்தி. கருகிய நுனியில் தசை இருக்காது, வெறும் கூடு தெரியும், சில நாட்களில் அதன் மேல் பச்சையாகவோ பழுப்பாகவோ பாசி படரும்.

கருகல்தான் என்றால் அல்கலினிட்டி 10, 11க்கு மேலும், நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருக்கும். கூடு வளர்கிற வேகத்துக்குத் தசைக்குத் தீனி இல்லை என்று இதைப் பொதுவாக விளக்குகிறார்கள். டோஸைக் குறைத்து அல்கலினிட்டியை 8க்குத் தானாக இறங்க விடுங்கள். மீனுக்குக் கூடுதலாகத் தீனி போட்டு நைட்ரேட்டை 5 பிபிஎம் பக்கமும் பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 வரையிலும் நிறுத்துங்கள்.

அடியிலிருந்து தசை உரிகிறது

கடந்த இரண்டு வார அல்கலினிட்டிக் குறிப்பை எடுங்கள். எங்கோ ஒரு துள்ளலோ சரிவோ இருக்கும். பல தடவை அது தண்ணீர் மாற்றிய நாளாக இருக்கும். ஒரு நிறுவன உப்பு கலந்தால் 8 டிகேஎச் வரும், இன்னொன்று 12 வரும். உப்பு மாற்றும்போது புதுத் தண்ணீரை அளக்காமல் தொட்டியில் ஊற்றக்கூடாது. உரிதல் மேலே ஏறிக்கொண்டே இருந்தால் காத்திருக்க வேண்டாம். உரிந்த கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, நல்ல தசையிலேயே வெட்டி, கிளையைத் தனியாக ஒட்டிக் காப்பாற்றுங்கள்.

எல்லா எண்ணும் சரி, வளர்ச்சி மட்டும் இல்லை

பாஸ்பேட்டைப் பாருங்கள். அது 0.2, 0.3 என்று ஏறிக் கிடந்தால் கால்சியம் கார்பனேட் படியும் மேற்பரப்பையே மறித்துவிடும். அதுவும் இல்லை என்றால் அதிகாலையில், விளக்கு போடும் முன், பிஎச்சை அளங்கள்.

கதவு ஜன்னலை அடைத்து ஏசி போட்ட அறையில் இரவெல்லாம் நான்கு பேர் தூங்கினால் அங்கே சேரும் கார்பன் டை ஆக்சைடு தொட்டித் தண்ணீரிலும் கரையும். காலையில் பிஎச் 7.8க்குக் கீழே நிற்கும். அந்த நிலையில் பவளத்துக்குக் கூடு கட்டுவது கடினம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு குவளை தொட்டித் தண்ணீரை எடுத்து அதே அறையில் ஒரு மணி நேரம் ஏர் பம்பு போடுங்கள். இன்னொரு குவளையை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து அதேபோல் செய்யுங்கள். அறைக்குள்ளேயே பிஎச் ஏறினால் உங்கள் தொட்டியில் நீர் கலக்கம் போதவில்லை. வெளியே மட்டும் ஏறினால் குற்றவாளி அறைக் காற்று. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இப்படிப்பட்ட தொட்டிகளுக்கு நான் முதலில் சொல்வது சுண்ணாம்பு நீர். கால்சியம், அல்கலினிட்டி இரண்டையும் சரியான விகிதத்தில் தரும், பிஎச்சையும் ஏற்றும், வேறு எந்த உப்பையும் விட்டுச்செல்லாது. ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கால்சியம் ஹைட்ராக்சைடு ஒன்றரை கிராமை ஒட்டித்தான் கரையும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் குறையும். கலக்கி மூடிவைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, இரவில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு நாளைக்கு 2 லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீர் சுமார் 1 டிகேஎச்சைக் கொடுக்கும். அளவான வீட்டுத் தொட்டிக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். பிஎச் 12ஐத் தாண்டிய நீர் அது, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் வேண்டாம். உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு என்று கேட்டு வாங்குங்கள்.

தேவை இன்னும் பெரிதானவர்கள் கால்சியம் ரியாக்டருக்கு (பவளக் கல்லைக் கரைத்துக் கால்சியமும் அல்கலினிட்டியும் தரும் கருவி) போவார்கள். அதற்குள் போடும் கல்லைக் கடையில்தான் வாங்கவேண்டும். மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கல்லை எடுத்துவரலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த கல்லையும் தொடக்கூடாது.

கால்சியம் 500ஐத் தாண்டிவிட்டது

கால்சியம் பாட்டிலை மட்டும் நிறுத்துங்கள். அல்கலினிட்டியை வழக்கம்போல் போடுங்கள். பவளமே மெல்ல இறக்கிவிடும், அல்லது சில தண்ணீர் மாற்றங்களில் வந்துவிடும். இதற்கென்று எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

டூ பார்ட் போடும் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது

கால்சியம் குளோரைடையும் சமையல் சோடாவையும் பவளம் பயன்படுத்திய பிறகு மிஞ்சுவது சாதாரண உப்பு. நாளைக்கு 1 டிகேஎச் வீதம் ஒரு வருடம் போட்டு, தண்ணீரே மாற்றாமல் இருந்தால் லிட்டருக்கு ஏழரை கிராம் உப்பு கூடியிருக்கும். அதை ஆர்ஓ தண்ணீர் விட்டு 35க்கு இறக்கிக்கொண்டே வந்தால் உப்பு அளவு சரியாகத் தெரியும், ஆனால் சல்பேட், பொட்டாசியம் போன்ற மற்றவை நீர்த்துப்போகும். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரின் அல்கலினிட்டி தொட்டியோடு ஒத்திருக்கிறதா என்று அன்றைக்கே அளந்துவிடுங்கள்.